செபமாலை அண்ணை போட்ட கூடுதல் ஈயம்

கடந்த சனிக்கிழமை பயிற்சிக்கு வராததற்காகத் திட்டத்தான் செபமாலை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் பேசினாள். "அப்பா விடியக்காலமை மோசம் போயிட்டார், ரீச்சர்" என்றாள். இறந்துபோனவருக்காக வாய் நிறைய ஏச்சு வைத்திருந்தேன்.

எங்கள் சுடுதல் கழகத்தில் அவரை அறியாதவர் இல்லை. குருநகரில் மீன் விற்பவர். பின்னேரங்களில் கழகத்துத் துப்பாக்கிகளைத் திருத்துபவர். அவரிடம் கொடுத்த பொருள் கொடுத்தபடி திரும்பாது என்பது உங்களுக்கும் தெரியும். குறிபார்க்கும் கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்தேன். துடைத்தவர் விசையையும் இளக்கி விட்டார். "கையோடை அதையும் பாத்தனான்" என்றார். இரண்டு கிழமை என் குண்டு குறி அட்டைப் பக்கமே போகவில்லை.

காற்றுத் துப்பாக்கி சுடும்போது தோளில் உதைக்குமா என்று சிரிப்பவர்கள், கழகத்தின் பழைய ஸ்பிரிங் துப்பாக்கியைத் என்னைப்போல் எலும்பு முறிந்து தகடு வைத்த தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்கட்டும். விபத்துக்குப் பிறகு, போட்டிக்குரிய நாற்பது குண்டையும் சுட என் தோளால் முடியவில்லை. மாகாணப் போட்டி நெருங்கியிருந்தது. என் வயதுக்கு அதுதான் கடைசி.

"பாரம் கூடினால் உதைப்புக் குறையும், ரீச்சர். விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றார். துப்பாக்கியின் பின்கட்டையைக் குடைந்து, வலைக்குக் கட்டும் ஈயத் துண்டுகளை உள்ளே இறுக்கினார். போட்டியில் எடை வரம்பு உண்டு. எவ்வளவு ஈயம் போடலாம் என்று கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். நான் கணித ஆசிரியை. போட்டிக்கு முதல்நாள் வேலையை முடித்து, பசை ஊற்றி மூடித் தந்தார்.

மறுநாள் தராசில் வைத்தார்கள். ஒரு துண்டு ஈயத்தின் அளவு எடை கூடிவிட்டது. கட்டையைத் திறக்கவும் வழியில்லை. போட்டியிலிருந்து என்னை வெளியேற்றினார்கள்.

"நிறுத்துத்தானே போட்டனீங்கள்?" என்று அண்ணையிடம் கத்தினேன்.

"ஓம் ரீச்சர், சரியா நிறுத்தனான். பிறகு கைப்பழக்கத்திலை ஒண்டு மேலை போட்டிட்டன்."

மீனை நிறுத்த பிறகு இன்னொன்றை அள்ளிப் பையில் போடுகிற பழக்கம். "தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டுமட்டா நிறுத்துக் குடுக்கிறதே?" என்பார். ஒரு மாதம் அவரோடு நான் கதைக்கவில்லை. சமாதானத்துக்கு அரியாலையில் என் வீட்டு வாசல் படலையில் மீன் பையைக் கொழுவிவிட்டுப் போனார். அதுவும் வெள்ளிக்கிழமைகளில்! வெள்ளியில் நாங்கள் மரக்கறிதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். போட்டியிலிருந்து திரும்பிய அன்று, கோபத்தில் அதே துப்பாக்கியால் நாற்பது குண்டையும் சுட்டுத் தீர்த்தேன். சுட்ட மறுநாள் மேலே எழாத கையைத் தூக்கி, அடுத்த நாள் காலை தலை வாரினேன். இதைச் சொன்னால் இன்னொரு துண்டையும் போட்டுவிடுவார் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

கட்டையை உடைத்து எடையைக் குறைக்கலாம் என்று கழகத்தில் இப்போது கதைக்கிறார்கள். நான் விடமாட்டேன். கழகத்துக்குப் புதிய துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு இதை நானே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணை, தோள் நோகவில்லை.