நாற்பத்து மூன்று வள்ளம், ஒரு பேரும் இல்லை

இனயம் என்ற கடலோர ஊரின் பெமிலா வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குச் சின்னச் சின்ன வலைத்தளங்கள் செய்துகொடுப்பவள். கூலி வாங்காமல் ஊருக்கென்று அவள் செய்த பக்கம் ஒன்று உண்டு. கடலில் காற்று மாறினால், கரை சேர்ந்த வள்ளங்களையும் அவற்றில் போனவர்களின் பேரையும் அது காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பியபோது, சிக்னல் குறைந்த போன்களில் பக்கம் வெள்ளையாகவே நின்றது. அதனால் நிரலில் ஜெனரேட்டர் ஃபங்ஷன் என்ற ஒன்றை எழுதினாள். டீசல் ஊற்றுகிற சமாச்சாரம் அல்ல இது. கேட்டால் ஒரு வள்ளத்தின் விவரத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். மறுபடி கேட்டால் விட்ட இடத்திலிருந்து அடுத்தது. கடைசியும் போய்விட்டால் தீர்ந்தது தீர்ந்ததுதான். இது பெமிலாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்குமே!

காற்று பலத்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுக் கிரேசி போனில் கூப்பிட்டாள். அவள் கணவன் டைட்டஸ் கடலில் இருந்தான்.

"எத்தன வள்ளம் வந்துன்னு மேல போடு மக்கா. மனசுக்கு ஒரு தெம்பு."

நியாயமான ஆசைதான். முதலில் எண்ணு, பிறகு பேர்களைக் காட்டு என்று பெமிலா அவசரமாக இரண்டு வரி சேர்த்தாள். எண்ணுவதற்கே ஜெனரேட்டர் எல்லா வள்ளத்தையும் கொடுத்துத் தீர்த்துவிட்டது. மேலே நாற்பத்து மூன்று; கீழே ஒன்றுமில்லை. பிழை என்றுகூட ஒரு சொல் காட்டவில்லை, பாழாய்ப்போனது!

வேறு ஊரென்றால் சைட்டு கெட்டுப்போச்சு என்று விட்டிருப்பார்கள். இவர்கள் கரையில் துக்கச் சேதி வந்தால், வீட்டுக்காரியிடம் பேரைச் சொல்லமாட்டார்கள். "வள்ளமெல்லாம் வந்தாச்சு" என்று பொதுவாகச் சொல்லி, தேவாலயத்துச் சாமியார் வந்து சொல்லும்வரை மறைப்பார்கள். பேரில்லாத பக்கத்தைக் கண்ட கிரேசி வேறென்ன நினைப்பாள்? தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"ஏட்டி, எனக்க மாப்பிளைக்க பேர எதுக்கு மறச்ச? சாமியாரு வரட்டும்னு இருக்கியளா?"

பெமிலா எழுதிய வரிகளை மறுபடி திறந்தாள். எண்ணி முடித்தபின் அந்த ஃபங்ஷனைப் புதிதாக இன்னொரு முறை அழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே வரி. பிழை எங்கே என்று கண்டுபிடித்து அதை எழுதப் பத்து நிமிடம் ஆனது. பேர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினேழாவது வள்ளத்தில் டைட்டஸ். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கரை ஏறியிருந்தான்.

கிரேசி அந்தப் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"மன்னிச்சிரு அக்கா," என்றாள் பெமிலா. "எண்ணினதுலயே பேரெல்லாம் தீந்துபோச்சு."

"உனக்குப் பேருதான் தீந்துது," என்றாள் கிரேசி. "எனக்குப் பத்து நிமிசம் மாப்பிளையே இல்லாம இருந்தான், மக்கா."