எல்லா இடத்திலும் இருந்த டார்லீன்

பேட்டி என்றால் டார்லீன் வொய்டோவிச் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். எதிரே இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தியதும், மூடிய கண்ணோடே கேட்பார்: "எந்த வருஷம் வேணும் கண்ணு?"

டொலீடோ நகரத்துப் பேரங்காடி ஒன்றில் பிறந்தநாள் கேக்குகளுக்குப் பூவும் பெயரும் போட்டுப் பாதி வாழ்நாளைக் கழித்தவர் அவர். "எந்த கலர் வேணும்?" என்று வாடிக்கையாளரைக் கேட்ட குரல் இன்னும் மாறவில்லை. ஓய்வுபெற்ற பின் ஊர்க் கல்லூரியில் சேர்ந்தார். அறுபதைக் கடந்தவர்கள் அங்கே சும்மா வந்து உட்கார்ந்து பாடம் கேட்கலாம். தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. முதலில் வானியல் வகுப்புக்குப் போய்ப் பார்த்தார். "எல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கு" என்று இரண்டே வாரத்தில் வெளியே வந்துவிட்டார். அடுத்து நுழைந்தது நவீன அமெரிக்க வரலாறு, அறிமுகப் பாடம். "இது பக்கத்துல இருக்கு. பாதிக் கதையில நானே உயிரோட இருந்திருக்கேன்" என்று அங்கேயே தங்கிவிட்டார்.

முன்வரிசை, நடு நாற்காலி. கையில் நோட்டுப் புத்தகம் இருக்காது. பின்னல் ஊசி இருக்கும். ஆண்டுகள் அவருக்கு எண்களாக நிற்பதில்லை. வியட்நாம் போர் "நான் முடியை நேரா விட்டிருந்த காலம்". பெட்ரோலுக்கு வரிசை நின்ற நாட்கள் "எல்லாரும் கேக்குல பச்சை கேட்டாங்களே, அப்போ". பெர்லின் சுவர் விழுந்தது, "என் ரெண்டாவது வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போனதுக்கு மறுவாரம்". ஆசிரியர் ஹாஸ்கெல் கரும்பலகையில் ஒரு காலக்கோடு போடுவார். டார்லீன் பின்னிக்கொண்டே இன்னொரு காலக்கோடு போடுவார். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் நினைவில் நின்றது.

பருவத்தின் நடுவில் ஹாஸ்கெல் ஒரு கட்டுரை கேட்டார். பாடப்புத்தகத்தில் வரும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பேட்டி கண்டு ஐந்து பக்கம் எழுத வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அப்பா, "வேலைக்குப் போயிட்டிருந்தேன், வேறென்ன" என்றார். மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் வகுப்பில் சுற்றிப் பார்த்தால் முன்வரிசையில் வரலாறு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தது.

முதலில் வந்த பையன் மனிதன் நிலவில் இறங்கிய இரவைக் கேட்டான். டார்லீன் உண்மையைத்தான் சொன்னார்.

"தூங்கிட்டேன்பா. அப்பா வந்து எழுப்பினாராம். நான் எட்டி உதைச்சேனாம்."

பையன் அதை எழுதிக்கொண்டான். ஒன்றரை வரி வந்தது. "மிஸ் டார்லீன், இன்னும் அஞ்சு பக்கம் இருக்கே" என்றான். அவன் முகம் வாடியதைப் பார்த்ததும் டார்லீனுக்குக் கை பரபரத்தது. வெறும் கேக்கை யார் கையிலும் கொடுத்தனுப்பிப் பழக்கமில்லாத கை அது.

"அதுக்கு முன்னாடி மொட்டை மாடியில ஏறினோம்" என்றார்.

"யாரு?"

"தெருவே ஏறிச்சு. போர்வை எல்லாம் எடுத்துக்கிட்டு. கீழ ஒரு நாய், நிலாவைப் பார்த்து ஒரே ஊளை. அதுக்கு மட்டும் என்னவோ புரிஞ்சிருக்கு."

பையன் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு கல்லூரி உணவகத்தில் டார்லீனின் மேசைக்கு வரிசை நின்றது. சேறு மிதித்து இசைவிழாவுக்குப் போனார். டெட்ராய்ட் எரிந்தபோது எழுந்த புகையை ஆற்றங்கரையிலிருந்து பார்த்தார். போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் செருப்பைத் தொலைத்தார். பக்கத்து மேசையிலிருந்து கேட்ட சமையற்காரர் ஒருவர், "உங்களுக்குக் கேக் போட எப்போதான் நேரம் கிடைச்சுது?" என்றார். "நடுநடுவுல" என்றார் டார்லீன்.

கீனன் என்ற உயரமான பையன் வந்தான். ஜனாதிபதி ஒருவர் பதவி விலகுவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்த ஆகஸ்ட் இரவு அவனுடைய தலைப்பு.

"வாஷிங்டன்ல இருந்தேன்" என்றார் டார்லீன். "ஜனாதிபதி மாளிகை வேலிக்கு வெளியே. கும்பல்னா கும்பல். அழறவன் ஒருத்தன், ஆடறவன் ஒருத்தன். இரும்புக் கம்பியைப் பிடிச்சா ராத்திரியிலயும் சூடு. யாரோ ஒருத்தர் பீச் பழத்தை ரெண்டாப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாரு. ஏன் கொடுத்தாருன்னு இன்னிக்கும் தெரியாது."

அந்தப் பாதிப் பழத்தைப் பற்றி மட்டும் கீனன் ஒரு பக்கம் எழுதினான். அவன் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான்.

கடைசியாக வந்தவள் யெசெனியா ட்ரெவினோ. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் பீட்சா கடை. கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் செவிலியர் படிப்பு. இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அந்த இடம். எந்த நிகழ்ச்சி என்றுகூட அவள் முடிவு செய்திருக்கவில்லை.

"எந்த வருஷம் வேணும் கண்ணு?"

"எதுவா இருந்தாலும் சரி. நீங்க ரொம்பப் பயந்த ஒரு நாளைச் சொல்லுங்க, மிஸ் டார்லீன்."

டார்லீன் கண்ணைத் திறந்துவிட்டார். இப்படி யாரும் கேட்டதில்லை. பூப்போடுகிற கைக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் மருத்துவமனையில் தனியாகப் படுத்திருந்த ஓர் இரவைச் சொன்னார். பிரசவ வலி. மணியை அழுத்தினார், அழுத்தினார், யாரும் வரவில்லை. செவிலியர் எல்லாரும் கூடத்துத் தொலைக்காட்சி முன் நின்று, ஜனாதிபதி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாட்டுக்கே அன்னிக்கு என்னவோ ஆயிட்டிருந்துச்சு. எனக்கு ஆனதை யாரும் கவனிக்கலை." யெசெனியா கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுதவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் எழுதினாள்.

சொல்லி முடித்த டார்லீனுக்கு, அது கீனனுக்கு விற்ற அதே இரவு என்பது உறைக்கவே இல்லை.

ஹாஸ்கெலுக்கு உறைத்தது. ஏழு கட்டுரைகளின் அடிக்குறிப்பிலும் ஒரே பெயர். ஐந்தை, 'அலங்காரம் அதிகம்' என்று ஓரத்தில் எழுதி, மதிப்பெண்ணில் கொஞ்சம் கிள்ளி விட்டுவிட்டார். மீதி இரண்டை வகுப்புக்கு எடுத்து வந்தார். கரும்பலகைக்கு முன் ஒரு நாற்காலி போட்டார்.

"டார்லீன், கொஞ்சம் இங்க வந்து உட்காருங்க."

ஊசியோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹாஸ்கெல் தட்டவில்லை.

"இந்தக் கட்டுரையில இவங்க வாஷிங்டன்ல பீச் சாப்பிடறாங்க. அதே ராத்திரி, இந்தக் கட்டுரையில டொலீடோவுல பிள்ளை பெறுறாங்க." வகுப்பு சிரித்தது. "சிரிக்கலாம். ஆனா ஒரே ராத்திரி ரெண்டு ஊர்ல இருந்த சாட்சியை நான் எப்படி ஏத்துக்கறது? இன்னொரு சாட்சி இல்லேன்னா ரெண்டு கட்டுரையும் செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எழுதணும்."

வெள்ளிவரை யெசெனியாவுக்கு இரண்டு இடத்திலும் வேலை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் விரல்கள் வெளுத்திருந்ததை டார்லீன் கவனித்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்குச் சொன்னது நெசம்."

"எல்லாக் கதையையும் நெசம்னுதான் சொன்னீங்க."

"இது வேற."

"எப்படி வேற?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னதை நம்ப ஆள் இல்லை. அதுவும் உண்மையைச் சொன்ன இடத்தில். பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தார். ஓர் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ரோண்டா, நான்தான். நீ எப்போ பொறந்தேன்னு இங்க எல்லாருக்கும் சொல்லு."

"அம்மா, இது என் சாப்பாட்டு நேரம்."

"சொல்லிட்டுச் சாப்பிடு."

"அய்யோ, மறுபடியும் அந்த நர்ஸ் கதையா? யாருங்க அங்க இருக்கீங்க? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மெழுகுவத்தியை ஊத விடாம இதைச் சொல்லுவாங்க. ஜனாதிபதி போனாரு, நர்ஸ் போனாங்க, நான் வந்தேன். நாப்பத்தொன்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன். போதுமா?"

ஹாஸ்கெல் தேதியையும் கேட்டார். ரோண்டா எரிச்சலோடு சொன்னாள். அவர் யெசெனியாவின் கட்டுரைமேல் ஒரு குறி போட்டு அவளிடம் நீட்டினார். யெசெனியா அதை வாங்கி, மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து கீனன் கை தூக்கினான்.

"அப்போ வாஷிங்டன்?"

டார்லீன் ஊசியைக் கீழே வைத்தார். "நான் வாஷிங்டனைப் பார்த்ததே இல்லப்பா."

"பீச் பழம்?"

"அதுவும்தான்."

கீனன் தலையாட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டார்லீனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "அது நல்லா இருந்துச்சு, மிஸ் டார்லீன்" என்று மட்டும் சொன்னான். பிறகு, "இப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள நான் யாரைத் தேடறது?" என்றான்.

"இரு, இரு" என்றார் டார்லீன். கைபேசியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரோண்டா, போயிட்டியா? பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி ஏதாவது உனக்கு நடந்திருக்கா?"

"எனக்கா? எனக்கு என்ன நடந்துச்சு."

ஹாஸ்கெல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். கீனன் எழுந்து வந்து அதை எட்டிப் பார்த்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து கைபேசியிடம் கேட்டான்.

"மேடம், ரெண்டாயிரத்து ஒன்பதுல, கார் கம்பெனிங்க எல்லாம் திவாலாச்சே, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

மறுபக்கம் சாப்பாட்டுக் காகிதம் மடிபடும் ஓசை கேட்டது.

"கார் சீட் தைக்கிற ஃபேக்டரில இருந்தேன். மூடிட்டாங்க" என்றாள் ரோண்டா.

"ஆமாமா, எனக்குத் தெரியும், அப்பவே இவளுக்கு வேற இடத்துல..." என்று டார்லீன் ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியாதும்மா."

டார்லீன் நிறுத்திக்கொண்டார்.

"அந்த வசந்தம் முழுக்க எனக்கு வேலை கிடையாது" என்றாள் ரோண்டா. "யார்கிட்டயும் சொல்லல. தினம் காலையில டிபன் டப்பா எடுத்துக்கிட்டு கிளம்புவேன். போக இடம் இல்ல. அம்மா வேலை பார்த்த கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருப்பேன். அங்கதான் யாரும் விரட்ட மாட்டாங்க. கண்ணாடி வழியா அம்மா கேக்குக்குப் பூப் போடறது தெரியும். சில நாள் நிமிர்ந்து வெளியே பாப்பாங்க. பார்த்துடுவாங்களோன்னு ஸ்டீயரிங்குக்குக் கீழ குனிஞ்சுக்குவேன்."

டார்லீனின் வாய் திறந்தது. எந்த வண்டி, எந்த ஜன்னல், எந்த மாதம் என்று அவர் கேட்கப் போவது போலிருந்தது. கீனன் தன் கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தினான்.

டார்லீன் ஒரு கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். மறு கையால் மகளின் குரலை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.