மைக் அக்காவின் செந்தமிழ்

கடற்கரைப் பூங்காவின் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. பக்கத்து அறையில் மைக் அக்கா. காணாமல் போன குழந்தை, பூச்செடியை மிதிக்கும் பெரிய மனிதர் என்று எல்லாரையும் அவள் குரல்தான் வழிக்குக் கொண்டுவரும். "நீல நிறச் சட்டை அணிந்த சிறுவன் இங்கே அழுதுகொண்டிருக்கிறான். பெற்றோர் உடனடியாக வரவும்." அச்சடித்த மாதிரி பேசுவாள். மைக்கை அணைத்ததும், "பெத்தா போதுமா, பாத்துக்க வேணாமா?" என்று முணுமுணுத்தபடி பையனின் மூக்கைத் துடைத்துவிடுவாள்.

அவள் புருஷன் கீழே துறையில் மிதிபடகு வாடகைக்கு விடுகிறவர். அவள் எனக்கு அக்கா என்றால் அவர் மாமாதானே? தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். படகுக்கு நேரம் முடிந்தால் கையைத் தூக்கிக் காட்டுவார். அக்கா ஜன்னல் வழியே பார்த்து, "ஐந்தாம் எண் படகு கரைக்குத் திரும்பவும்" என்பாள்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், வீட்டிலும் செந்தமிழுக்கு மாறிவிடுவாள். "உணவு மேசைமேல் உள்ளது. உண்ணவும்" என்றாளானால் மாமாவுக்கு அன்று தொண்டையில் எதுவும் இறங்காது.

அந்த வாரம் முழுக்கச் செந்தமிழ்தான். வெளியூர்ப் படகுத்துறை ஒன்றில் மாமாவுக்கு வேலை கிடைத்திருந்தது. அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

"போகாதீங்கன்னு சொல்லித் தொலையேன்க்கா" என்றேன்.

"என்னைக் கேட்டுட்டா முடிவு பண்ணாரு? நான் ஏன் சொல்லணும்?"

வீம்புக்கு இரண்டு பேரும் சரியான ஜோடி. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை சாயங்காலம் காற்று பேய்த்தனமாக அடித்தது. ஒரு புதுமண ஜோடி செல்ஃபி எடுக்கிற மும்முரத்தில் மிதிக்க மறந்து, எல்லைக் கயிற்றைத் தாண்டிவிட்டது. "மூன்றாம் எண் படகு கரைக்குத் திரும்பவும்" என்றாள் அக்கா. யார் கேட்டது? மாமா இன்னொரு படகில் துரத்திப் போய், அவர்களைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார். அப்போது பார்த்து அவர் தொப்பி பறந்தது. மனிதர் அதைப் பிடிக்க இன்னும் வெளியே மிதித்தார். ஒரு அலை படகைச் சாய்த்தது.

"ஐயோ, போகாதீங்க! என்னை விட்டுட்டுப் போகாதீங்க!"

மைக்கை அணைக்க மறந்திருந்தாள். பூங்காவின் அத்தனை ஒலிபெருக்கியும் அலறியது. ஊஞ்சல்கள்கூட நின்றுவிட்டன. மாமா தொப்பியைக் கடலுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

சொட்டச் சொட்ட நனைந்து அறைக்குள் வந்தார். "எங்க போக வேணாம்னு சொன்ன? தொப்பி எடுக்கவா, அந்த ஊருக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்று விசும்பினாள் அக்கா. அதுவும் வெளியே கேட்டது.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிவதை மாமா அப்போதுதான் பார்த்தார். அணைப்பார் என்று நினைத்தேன். குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பச்சை நிற உடை அணிந்த பெண்மணி இங்கே அழுதுகொண்டிருக்கிறார். கணவர் வந்துவிட்டார். இனி எங்கேயும் போகமாட்டார்."