ராஜமாணிக்கம் போட்ட நாற்காலிகள்

போன வாரம், ராஜமாணிக்கம் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் தொலைபேசியில் சொன்னார். "சரி, சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆறுதலாக ஒரு சொல்கூட வரவில்லை. நம் இசைக்குழுவினரான உங்களுக்கு எழுத்திலாவது சரியாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும்.

1. நம் இளையோர் இசைக்குழுவை அவர் தொடங்கிய விதம்.
2. அது வளர்ந்த விதம்.
3. நாற்காலி விஷயத்தில் அவர் காட்டிய தேவையற்ற பிடிவாதம்.

தொடங்கியது கோச்சடையில், அவர் வீட்டு மாடியில். கப்பலூரில் ரப்பர் பட்டறை வைத்திருந்தவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. "பிள்ளைக தனித்தனியாப் படிக்குதுக, அரங்கேற்றம் முடிஞ்சதும் பெட்டியில வச்சுப் பூட்டிருதுக. சேர்ந்து வாசிச்சா விடாதுகய்யா" என்றார். நாலைந்து வயலின், ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த என்னைச் செயலாளராக்கினார். எனக்கு மறுத்துப் பேச வராது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு கிளாரினெட், நாகசுரம், கீபோர்டு என்று பிள்ளைகள் வந்தார்கள். மாடி போதாமல் விளாங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறினோம். ஞாயிறு ஒத்திகையில் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் முன்னால் வந்து அரைவட்டமாக நாற்காலி போடுவார். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

பக்கத்துக் காலனியிலிருந்து பறை அடிக்கும் பிள்ளைகளை அவர் அழைத்து வந்தது அதற்குப் பின்புதான். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இழவு வீடுகளில் அடித்தவர்கள். பறை, நின்று அடிக்கும் வாத்தியம். இவரோ வயலின்களுக்குப் பக்கத்தில், முதல் வரிசையில், அவர்களுக்கும் நாற்காலி போட்டார். பெற்றோர் சிலருக்கு முகம் சுருங்கியது. "பின்னால நிக்கட்டுமே, அவங்களுக்கும் அதான வசதி?" என்றார் ஒருவர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தயங்கித் தயங்கிச் சொல்லியும் பார்த்தேன்.

"நிக்க அவங்களுக்கு நல்லாவே தெரியும்யா. உக்காந்து அடிச்சுப் பழகட்டும்" என்றார்.

வயலின் பிள்ளைகளில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். குழு தேறிவரச் சில ஆண்டுகள் ஆயின. அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அவரை எடுக்கும் நாளன்று குழுவினர் எல்லாரும் வாத்தியங்களோடு வந்திருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர், பறைப் பிரிவை இப்போது நடத்தும் மாரீஸ்வரியிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க ஆளுகள மட்டும் முன்னால அடிச்சிட்டு வரச் சொல்லு. மத்த பிள்ளைக ஓரமா நிக்கட்டும்."

"வாசிக்கிறோம்ணே. ஆனா எல்லாருமாத்தான் வாசிப்போம். உக்காந்துதான் வாசிப்போம்."

"இழவு வீட்டுல கச்சேரியா வைக்கப் போறீக?"

"அவரு சேத்த கச்சேரிதானண்ணே."

உறவுக்காரர் என் பக்கம் திரும்பினார். "செயலாளர் நீங்கதான? சொல்லுங்க சார்."

மாரீஸ்வரியும் என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். பந்தலில் காலியாகக் கிடந்த நாற்காலிகளை எடுத்துத் தெருவில் போடத் தொடங்கினேன். எனக்கு அரைவட்டம் கோணலாகத்தான் வந்தது. "தள்ளுங்க சார், இம்புட்டு நெருக்கமாப் போட்டா வில்லு இடிக்கும்" என்று மாரீஸ்வரி வந்து சரிசெய்தாள். உறவுக்காரர் ஏதோ முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார்.

வயலினும் பறையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தன. தெருவில் இருந்தவர்கள் நின்றபடி கேட்டார்கள்.

இனி ஞாயிறுதோறும் நாற்காலி போடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். மேலே மூன்றாவது குறிப்பில் 'தேவையற்ற' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.