விழுவதற்குப் படித்தேன்

ஒஸ்லோவில் நான் படித்த நவீன நடனத்துக்கு நூறு வயது. அதை முதலில் ஆடியவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஆசிரியை அதை மறுபடி உண்டாக்கிக்கொண்டிருந்தார். அதற்கு நவீனம் என்று பெயர் வைத்தவர்களின் துணிச்சலை இன்றைக்கும் மெச்சுகிறேன். வெறுங்கால், தொளதொளத்த அங்கி. முகத்தில் ஒரு பாவமும் வரக் கூடாது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரதம் பழகி வளர்ந்த எனக்குக் கண்ணை உருட்டாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது.

அந்த நடனத்தின் உயிர் விழுவதில் இருந்தது. விழ வேண்டும், விழுந்தபடியே கிடக்க வேண்டும். ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் மாடி வீட்டில் நான் விழுந்து பழக, கீழ்வீட்டுக்காரர் கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தார். அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் இரத்தம் சோதிப்பித்தார். இரத்தம் நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கு இன்னும் கவலையைக் கொடுத்தது.

ஆண்டு முடிவில் மேடை நிகழ்ச்சி. ஒரு நடனக் குழுவின் தலைவி பார்க்க வந்தார். பிடித்தால் என்னைக் குழுவில் சேர்த்துக்கொள்வார். அப்போது எனக்கு வேறெந்த ஆசையும் இல்லை. அப்பா இதை அரங்கேற்றம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஆட்களுக்கு வேறு எப்படி விளங்கப்படுத்துவது? பட்டுச் சேலையும் பிளாஸ்டிக் மல்லிகையுமாக அவர்கள் வந்து நிறைந்தார்கள்.

நான் விழுந்தேன். இசை நின்றது. என்னோடு ஆடிய ஆசிரியை மேடை நடுவே கைகளை உயர்த்தி அசையாமல் நின்றார். அந்த மௌனம்தான் நடனத்தின் உச்சம், அது நீண்டுகொண்டே போகும். எங்கள் நிகழ்ச்சிகளில் சத்தம் நின்றால் ஒரே அர்த்தம்தான்: முடிந்துவிட்டது, இனிக் குருவுக்கு மரியாதை. அப்பா பொன்னாடையுடன் மேடையேறினார்.

ஆசிரியை அசையவில்லை. அசைவது அவருடைய கொள்கைக்கு விரோதம். உயர்த்திய கைகளுக்கு மேலாகப் போர்த்த அப்பா எக்கிப் பார்த்தார், எட்டவில்லை. கடைசியில் இடுப்பில் சுற்றிவிட்டார். பட்டுச் சேலைகள் கைதட்டின. நோர்வேஜியர்கள் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அப்பா என்னிடம் வந்து குனிந்தார்.

"பிள்ளை, எழும்பு. முடிஞ்சுது."

நான் எழும்பவில்லை. குழுத் தலைவி முன்வரிசையில் இருந்தார். அப்பா என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பாவமாகப் போய்விட்டது. உதடு அசையாமல், "இது ஆட்டம்தான் அப்பா. நீங்களும் படுங்கோ" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் படுத்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. குழுத் தலைவி உடைமாற்றும் அறைக்கு வந்து, என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். ஸ்தவாங்கர், துரொண்ட்ஹெய்ம் நகர மேடைகளுக்குக் குழுவோடு வர முடியுமா என்று கேட்டார். என் விழுகையில் படித்தது தெரிகிறதாம், அப்பா படுத்ததில் தெரியவில்லையாம். அப்பா நோர்வேஜிய மொழியில் பணிவாக மறுத்தார். ஆடியது மகள், தான் பிழையாக மேடையேறியவன், சேர்ப்பதென்றால் அவளைச் சேருங்கள் என்றார். தலைவி சிரித்தார். எனக்கு இடம் கிடைக்கவில்லை.

வீடு திரும்பும் ரயிலில் மறைக்காமல் அழுதேன். அப்பாவின் மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அப்பா மெதுவாகச் சொன்னார்:

"வேறை குழுவிலை கேட்டுப் பாப்பம். தேவையெண்டா நானும் வந்து படுக்கிறன்."