நாற்பத்தொரு முறை திறந்த கதவு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா; அவளைவிட இரண்டு வயது மூத்த தலைவருக்கும்கூட. பத்தொன்பது வருடமாகக் காசநோய்த் தடுப்பூசிக் கிருமியோடு குடித்தனம். கட்டியவரின் குணத்தைவிட அதன் குணம் அவளுக்கு அத்துப்படி. மெழுகுத் தோல், மந்த வளர்ச்சி, கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். மெல்லிய ஊசி வழியே பத்துத் தடவை இழுத்துத் தள்ளினால்தான் பிரியும்.

அந்த வருடம் இன்னொருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ‘புதுசு’. பொறாமையெல்லாம் இல்லை, பெயர் ஞாபகத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை இது. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, பிளேட் எனும் குழித்தட்டில் இட்டு, தடுப்பூசிக் கிருமியை ஒருநாள் காட்டி, கழுவி, உடல்சூடு மாறாமல் காக்கும் இன்குபேட்டர் பெட்டியில் ஆறு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு கிருமியின் துணுக்கைக் காட்டினால், முன்பு எதையும் காணாத அணுக்களைவிட இவை அதிகமாகச் சீறும். ஒரு வம்புக்குப் போய்வந்தவன் அடுத்த தெருச் சண்டைக்கும் சட்டைக் கையை மடித்துவிடுவதைப் போல.

நூறு பேர் இரத்தத்தில் இதைச் செய்யும் பெரிய ஆய்வு வரவிருந்தது.

“யார் பிளேட் நல்லா வருதோ, வேலை அவங்க கையில,” என்றார் தலைவர். போகிற போக்கில் புதுசைப் பார்த்து, “சுத்தமான கைம்மா உனக்கு,” என்றும் சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஆளின் இரத்தம், ஒரே புட்டிக் கிருமி, ஆளுக்கொரு இன்குபேட்டர். தன் பிளேட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

ஏழாம் நாள் புதுசின் அணுக்கள் மூன்று மடங்கு சீறின. அக்காவுடையவை கொட்டாவி விட்டன.

“கைராசிக்கா,” என்றாள் புதுசு அடக்கமாக. அந்த அடக்கம்தான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னொரு தடவை பார்த்துடலாம்,” என்றார் தலைவர்.

புதுசின் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க அவளது இன்குபேட்டரைத் துருவினாள் அக்கா. கதவு எத்தனை முறை திறந்தது என்று அதன் திரை காட்டும். இரண்டு: மூன்றாம் நாள் ஊட்டநீர் மாற்ற ஒன்று, வெளியே எடுக்க ஒன்று. ‘சோம்பேறி’ என்று மகிழ்ந்தபடி தன்னுடையதைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. ஓய்வெடுக்க வேண்டிய அணுக்களை எழுப்பி எழுப்பி, “அவளைவிட நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

இரண்டாம் சுற்றில் இன்குபேட்டரைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தாள்.

“உள்ள என்னம்மா, பாம்பா?”

“தூங்குறாங்க. மூணாம் நாள் ஒரு தடவை மட்டும் குடுங்க. நடுவுல நானே வந்து கேட்டாலும் தராதீங்க.”

மறுநாளே கேட்டாள். அவர் தரவில்லை. அதற்கடுத்த நாள் திட்டினாள், அப்போதும் தரவில்லை.

பூட்டைப் பார்த்த நாள் முதல் புதுசுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என்ன வித்தை செய்கிறாள் என்று தெரியாமல், தன் பிளேட்டையாவது எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. அக்காவுடையவை மூன்று மடங்குக்கும் மேல், புதுசுடையவை முனகின. நூறு பேரும் அக்கா கைக்கு வந்தார்கள்.

“எப்படிக்கா?” என்றாள் புதுசு.

புதுசின் இன்குபேட்டர் திரையில் இருபத்தொன்பது என்று இருந்ததை அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“கைராசிம்மா,” என்றாள்.