திம்மராயன் உடைத்த பூசணிக்காய்

குவாத்தமாலாவில் திம்மராயன் பேரில் ஒரு தெரு இருக்கிறது என்று உத்தனப்பள்ளியில் பேசிக்கொள்கிறார்களாம். ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டு நல்லுசாமி யாரிடமோ கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்து சொன்னார். அப்போது நான் குவாத்தமாலாவில், அவர் வேலை பார்த்த அதே ஊரில்தான் இருந்தேன். ஏலக்காய் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. ஊருக்கு சான் லெயாந்த்ரோ என்று பெயர். தெருக்களுக்கெல்லாம் புனிதர்களின் பெயர். அப்படி ஒரு தெரு இருக்காது என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். திம்மராயன் பேரில் ஒரு சாக்கடைகூட இல்லை.

ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டத்துக்காரர் மகன். ஓசூர்த் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக மாறியவர். எங்கே போனாலும் சூப்பர்வைசருக்குப் புத்தி சொல்லி வெளியே வந்தவர். கடைசியில் ஆட்டோ ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி, அந்த ஊர் மெக்கானிக்குகளுக்குத் தொழில் காட்ட அவரை அனுப்பிவைத்தது. இங்கே வைத்திருக்க முடியாமல்தான் அவ்வளவு தூரம் அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஊருக்கு நம் ஆட்டோ தேவைதான். மேலே மலையில் ஏலக்காயும் காப்பியும் விளைகின்றன. விலை இறங்கினால் ஊரே சோர்ந்துபோகும். வயதுப் பிள்ளைகள் எல்லை தாண்டி வடக்கே அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் எழும்பிய மாடி வீடுகள், கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சந்தை. செங்குத்தான கல் தெருக்களில் மூட்டையோடு ஏற ஆட்டோவை விட்டால் கழுதைதான்.

இதில் எதையும் திம்மராயன் பார்க்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தால்தானே? பெண்கள் உள்ளங்கையில் தட்டிச் சுடும் சோள ரொட்டியை மாட்டுத் தீவனம் என்பார். களி தின்று வளர்ந்த உடம்பு சொல்கிற பேச்சு இது. அந்த ஊர்ப் பாஷையில் அவர் கற்றது ஒரே சொல், "நாளைக்கு." அதையும் வேலை கேட்டால் சொல்லத்தான்.

பெரிய வெள்ளியன்று புது ஆட்டோக்கள் வந்து இறங்கின. அன்று அங்கே சாமி ஊர்வலம். ஊர்ப் பெண்கள் விடிய விடிய மண்டி போட்டு, சாயம் தோய்த்த மரத்தூளால் தெரு முழுக்கப் பூவும் பறவையுமாகக் கம்பளம் போல இட்டுவைப்பார்கள். சாமிப் பல்லக்குதான் முதலில் அதன்மேல் போக வேண்டும். அதுவரை நாய்கூட மிதிக்க விடமாட்டார்கள். காலையில் எழுந்து வந்த திம்மராயனின் கண்ணுக்கு அது கோலமாகத் தெரிந்தது. முச்சந்தி, கோலம், புது வண்டி. இதைவிட நல்ல இடம் ஏது? சந்தையிலிருந்து வரவழைத்த பூசணிக்காயைக் குடைந்து, ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, சூடம் கொளுத்தி, ஆட்டோக்களைச் சுற்றி, நடுக் கம்பளத்தில் ஓங்கிப் போட்டு உடைத்தார்.

ரத்தம் என்று நினைத்துப் பெண்கள் அலறினார்கள். சூனியம் வைத்த வண்டி என்று ஒருவரும் ஏறவில்லை. ஆட்டோக் கடைக்காரர் ஆர்துரோ வண்டிகளை வந்த விலைக்கு வேறு ஊரில் தள்ளிவிட்டுச் சிமெண்டு வியாபாரத்துக்கு மாறினார். அடுத்த விமானத்தில் திம்மராயன் ஊருக்கு வந்துவிட்டார்.

விடுமுறையில் நானும் வந்தேன். ராயக்கோட்டை ரோட்டில் பேக்கரிக்கு மேலே, "வெளிநாட்டு வேலை ஆலோசகர்" என்று அவர் போர்டு. ஞாயிறு மாலை நான் உள்ளே போனபோது சாந்தம்மா தன் மகன் முனீஸ்வரனோடு உட்கார்ந்திருந்தார். தோட்ட வேலை செய்தே அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர். பல வருடம் ஒப்பந்தத்தில் ஓடிய பையனுக்கு இப்போதுதான் கம்பெனி நிரந்தர வேலை கொடுத்திருக்கிறது. மறுநாள் காலை ஷிப்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதே, குவாத்தமாலாவில் ஆர்துரோவின் ஆட்டோக் கடைக்கு அனுப்புகிறேன் என்கிறார் திம்மராயன்.

"நான் போய் எறங்கனன்னிக்கு ரோடு பூரா கலர் கோலம் போட்டு வெச்சிருந்தாங்கோ யக்கா. அவ்ளோ மருவாதி!"

"அது சாமிக்குப் போட்டதுண்ணா," என்றேன். "ஆர்துரோ இப்ப சிமெண்டு விக்கறாரு. ஆட்டோ கடையே இல்ல."

"சும்நே இருப்பா. ஏலக்கா பொறுக்கறவனுக்கு ஆட்டோவப் பத்தி இன்னா தெரியும்? அந்த ஆளு எனுக்குக் கூடப் பொறந்தவன் மாரி."

முனீஸ்வரன் என்னைப் பார்க்கவே இல்லை. வாயைப் பிளந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாடு என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரில் மூளையைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறார்கள்.

சாந்தம்மா விடவில்லை. "ரெண்டு பேரும் அங்க இருந்துட்டு வந்தவங்கதான். நான் யாரு பேச்ச நம்பறது? திம்மராயா, கூடப் பொறந்தவனுக்கு ஒரு போனப் போடு. என் புள்ளைக்கி வேல இருக்குதுன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்பால கையெழுத்துப் போடறதா வேணாவான்னு பாக்கலாம்."

"இப்ப அங்க நடுராத்திரி யக்கா."

"அங்க இப்ப காலைதாண்ணா," என்றேன். "சந்தை நேரம். கடை தொறந்துதான் இருக்கும்."

"கேட்டியா? போடு. எங்களுக்கும் கேக்கறாப்ல போடு."

"அவன் தமிழ்ல பேசமாட்டான் யக்கா."

"அதுக்குத்தான் இந்தத் தம்பி இருக்குதே."

திம்மராயன் ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினார். ஆர்துரோ தன் போனில் இந்த எண்ணுக்கு வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும். பூசணிக்காய். அது மின்னினால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிமெண்டு மூட்டையை எண்ணப் போய்விடுவார், நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், இன்றைக்கென்று பார்த்து எடுத்துத் தொலைத்தால், அவர் திட்டுவதையெல்லாம் நான்தானே தமிழில் சொல்ல வேண்டும்?

மணி அடித்தது. நின்றது.

"சந்தைல சத்தம் இருக்கும் யக்கா, கேட்டிருக்காது," என்றார் திம்மராயன்.

"இன்னொருக்கா போடு."

போட்டார். முனீஸ்வரன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை சாந்தம்மா எட்டிப் பிடித்து, மணியடிக்கும் போனைப் பார்த்தபடி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.